தூரம் நறுக்கும் கத்தி

விழுப்புரம் மாசிலாமணியிடம் முப்பத்தொரு கத்திகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூடக் காய் நறுக்காது. ஒன்று தும்மலை நறுக்கும். ஒன்று ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை இரண்டாக நறுக்கும். ஒரு பாதியை அன்றே தூங்கிவிட்டு, மறுபாதியை டிபன் பாக்ஸில் வைத்துத் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு எடுத்துப்போவார்.

மனிதருக்கு ஒரே குறை, கத்திகளைப் பார்க்க ஆள் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, எல்லாவற்றையும் துடைத்து அடுக்கி, சொந்தக்காரர்களுக்கு போன் செய்வார். தம்பிக்கு அன்றைக்கென்று பல் வலிக்கும். மைத்துனர் வருவார், கத்திகளைத் தாண்டி டிவியைப் பார்ப்பார். தையல்காரர் காசிம் பாய் மட்டும் தவறாமல் வந்து, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் கூர் பார்த்து, "போன மாசத்தைவிட நல்லா இருக்கு மணி" என்பார்.

மனைவி கோதை ஜமுக்காளத்தைச் சுற்றிக்கொண்டு நடப்பாள். பெருக்கும்போது, "இந்த இரும்பைக் கொஞ்சம் தூக்குங்க" என்பாள். இருபத்தாறு வருஷத்தில் கத்திகளைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான். ஊரே வராவிட்டாலும் பரவாயில்லை, இவள் ஒரு தடவை வந்து உட்கார மாட்டாளா என்று அவருக்கு இருந்தது.

மகள் அல்லி கல்யாணமாகிப் புனேவுக்குப் போன நாலாவது மாதத்தின் முதல் ஞாயிறு, கோதை துடைப்பம் இல்லாமல் வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள்.

"இதுல தூரத்தை வெட்டுறது எது?"

மாசிலாமணி ஒன்றைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினார். "மரப்பிடி போட்டது. கையில எடுத்துப் பாரேன்."

"நீங்களே வெட்டுங்க. சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னு போன்ல சொல்றா. சாப்பிட்ட குரலா அது?"

காசிம் பாய் தூரத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மாசிலாமணி சமையலறைச் சுவரோரமாகக் கத்தியை வைத்து இழுத்தார். தர்பூசணி பிளப்பது போலச் சத்தம் வந்தது. சுவர் இருந்த இடத்தில் அல்லியின் சமையலறை வந்து ஒட்டிக்கொண்டது. பல் தேய்த்துக்கொண்டிருந்த அல்லி திரும்பி, "வாங்கம்மா" என்றாள்.

வெட்டியெடுத்த ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரை நண்பர்கள் இருவரும் சுருட்டிக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

முதல் வாரம் நன்றாகப் போயிற்று. கோதை ரசத்தை இங்கிருந்தே நீட்டினாள். சாயங்காலமானால் ஜமுக்காளத்தில் வந்து உட்கார்ந்து, "இது எதுக்கு? அது எதுக்கு?" என்று கேட்டாள். மாசிலாமணி பதில் சொல்லிச் சொல்லி இளைத்தே போனார். கொல்லைச் சுருளிலிருந்து அவ்வப்போது ஒரு பஸ் வெளியே வரும். பயணிகள் இறங்கி, கோலாப்பூர் வந்துவிட்டதா என்று கேட்பார்கள். கோதை தண்ணீர் கொடுத்து, "இன்னும் ரெண்டு சுத்து இருக்கு, ஏறி உக்காருங்க" என்று அனுப்பிவைப்பாள்.

இரண்டாவது வாரம் அவள் மகளின் பருப்பு டப்பாக்களை மாற்றி அடுக்கினாள். மாவு புளித்திருப்பதாகச் சொன்னாள். இடுப்பில் துண்டோடு டீ போட வந்த மாப்பிள்ளை மாமியாரைக் கண்டு குளியலறைக்குத் திரும்பி, ஆபீஸ் நேரம்வரை அங்கேயே இருந்தார்.

பன்னிரண்டாம் நாள் அல்லி தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். "அப்பா, கொஞ்சம் தூரம் திருப்பிக் குடுங்கப்பா."

கோதை காதில் அது விழுந்துவிட்டது. கரண்டியை வைத்தாள். அன்று அந்த வீட்டில் உலை ஏறவில்லை. மாசிலாமணி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நான் என்னங்க தப்பு பண்ணிட்டேன்?"

"தப்பெல்லாம் இல்ல. ரொம்பக் கிட்ட இருக்கு, அவ்வளவுதான்."

அவள் கரண்டியை எடுத்துக் கழுவி மாட்டினாள். பிறகு, "பாயைக் கூப்பிடுங்க" என்றாள்.

காசிம் பாய் டேப்பும் கோணி ஊசியுமாக வந்தார். "எவ்வளவு வைக்கட்டும் தங்கச்சி?"

"ஒரு மைல்."

"முந்நூறு கிலோமீட்டர், மாமா" என்றாள் அல்லி.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. காசிம் பாய் டேப்பை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தார். "நூத்திருபது வெக்கிறேன். காலையில பஸ் ஏறினா மதியச் சாப்பாட்டுக்கு வந்துடலாம், விளக்கு வைக்கிறதுக்குள்ள திரும்பிடலாம். பத்து கிலோமீட்டர் உள்ள மடிச்சு விடுறேன். பின்னால வேணும்னா பிரிச்சுக்கலாம்."

கோதையே ஒரு ஓரத்தை இழுத்துப் பிடித்தாள். தையல் ஓட ஓட அல்லியின் சமையலறை பின்னுக்குப் போயிற்று. கடைசித் தையலுக்கு முன்னால் ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. அதில் ரசப் பாத்திரம் இருந்தது. "கழுவி வெச்சுட்டேம்மா."

கோதை வாங்கிக்கொண்டாள். சுவர் மூடியது.

மீதித் தூரம் கொல்லையில் கிடக்கிறது என்ற சேதி பரவியதும், அடுத்த ஞாயிறு கூடம் நிறைந்துவிட்டது. மாமியார் வீட்டோடு ஒரே சுவரில் இருந்த தம்பி, பல்வலி இல்லாமல் வந்து நாற்பது கிலோமீட்டர் கேட்டார். மைத்துனர் டிவியை அணைத்தார். மாசிலாமணி நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு கத்தியாக எடுத்துக் காட்ட, கோதை விளக்கம் சொன்னாள். அவர் சொல்வதைவிட அவள் நன்றாகவே சொன்னாள்.

அப்போது வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம். கோதை எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ஆறு ஒண்ணு வந்திருக்கு. அதோட பாலத்தைக் காணோமாம், நம்ம கொல்லைச் சுருள்ல இருக்கான்னு கேக்குது."

"உள்ள வரச் சொல்லு."

மைத்துனர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ஆறு உள்ளே வந்து, ஜமுக்காளம் நனையாமல் ஓரமாக உட்கார்ந்துகொண்டது.