சாரி-தெரெக் பூங்காவின் தேய்மானம்

சாரி-தெரெக் ஊர்ப் பூங்காவின் நடனத்தளத்தில் ஜோடியாக ஏறுகிறவர்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆடுவார்கள். 1964 மே மாதம், காங்கிரீட் காய்ந்த முதல் சனிக்கிழமையிலிருந்து இப்படித்தான். புதிதாகக் காதலிப்பவர்கள் சாணைத் தாண்டிப் போவார்கள். காலையில் சண்டை போட்டுவிட்டு வந்த தம்பதிகள் நான்கு விரற்கடையோடு நின்றுவிடுவார்கள். பெண் கேட்க நினைத்த குடும்பங்கள் கம்பிவேலிக்கு வெளியே நின்று உயரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தன. அறுபத்தேழில் மாவட்டக் கலாச்சார அலுவலகம், தரையைத் தொட்டு ஆடவும் என்று ஒரு பலகை வைத்தது. அது இரண்டு பனிக்காலம் தாங்கியது. தனி ஆளாக யாரும் தளத்தில் ஏறுவதில்லை. விதி எதுவும் இல்லை, வழக்கம்தான். தளத்தைப் பூசிய கொத்தனார் கென்ரிக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பூசி முடித்துக் கீழே இறங்கியவர் நாற்பத்தொன்பது ஆண்டுகள் அதில் மறுபடி கால் வைக்கவில்லை.

சோவியத் போன பிறகு, எரிவாயு வராத குளிர்காலங்களில் பூங்காவின் பெஞ்சுகள் அடுப்புக்குப் போயின. ராட்டினத்தின் இரும்பு லாரியில் சீனாவுக்குப் போனது. எல்ம் மரங்களும் தளமும் மிஞ்சின. அக்கார்டியன் வாசித்தவர் ஊரைவிட்டுப் போனதால் சனிக்கிழமை நடனம் நின்றது. கல்யாண ஜோடிகள் மட்டும் படம் எடுக்க ஏறி, மிதந்து, இறங்கினார்கள். 2012 வசந்தத்தில் நகரசபை பூங்காவை ஒரு வியாபாரிக்கு, கார் கழுவும் நிலையம் கட்டக் கொடுப்பதென்று முடிவு செய்தது. மரபுப் பட்டியலில் சேர்ந்தால் மட்டுமே அதைத் தடுக்க முடியும். மனு எழுதியவள் ஜிபார்குல். பூங்கா வாசலில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவள். அவள் கணவன் அனார்பெக் அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான், எல்லைக்கு அப்பால் ஓரென்பூர்கில் மகன் வீட்டில் இறந்திருந்தான். உடலைக் கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே புதைத்துவிட்டார்கள். ஊரில் அவனுக்குக் கல்லறை இல்லை. அவனோடு ஆடிய இந்தத் தளம்தான் இருந்தது.

ஏப்ரலில் தலைநகரிலிருந்து மதிப்பீட்டாளர் பெர்மெத் வந்தாள். தளத்தில் முழந்தாளிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். அவள் தொழிலில் தேய்மானம்தான் சாட்சி. குழிந்த படி, பள்ளம் விழுந்த வாசல், இவைதான் அவளுக்கு வேண்டும். இங்கே கொத்துக்கரண்டி இழுத்த கோடுகள் நேற்றுப் பூசியதுபோல் இருந்தன.

“அக்கா, இதுல யாரும் ஆடின மாதிரியே தெரியலையே.”

“ஊரே ஆடுச்சும்மா.”

“எங்க ஆடுச்சு?”

ஜிபார்குல் குனிந்து, தரைக்கு ஒரு சாண் மேலே கையை வைத்துக் காட்டினாள். “இங்க.”

ரொட்டிக் கடைக்காரரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டு ஏறச் சொன்னார்கள். பெர்மெத் நாடாவை நீட்டி அளந்தாள், பத்தொன்பது சென்டிமீட்டர். அவள் நாரின் மலைப்பக்கத்துக்காரி, அங்கேயும் இப்படிச் சில இடங்கள் உண்டு, அதனால் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

“நம்பறேன் அக்கா. ஆனா படிவத்துல உயரத்துக்குக் கட்டம் கிடையாது, தேய்மானத்துக்குத்தான் இருக்கு. அக்டோபர்ல திரும்ப வருவேன். ஏதாவது தேஞ்சிருந்தா எழுதறேன்.”

அடுத்த சனிக்கிழமை, கால்வாய் தூர்வாரச் சேர்வதுபோல, ஊர் முழுக்க மணலும் தேய்க்கும் கற்களும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. கல் கனமாக இருந்ததால் கல்லுக்கு இரண்டு பேராகப் பிடித்து ஏறினார்கள். கல்லோடு சேர்ந்து மேலே போனார்கள். கல்லுக்கு நான்கு பேர் என்று மாற்றிப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் உயரம் கூடியது.

“நல்லா காத்தைத் தேய்ங்கடா,” என்றார் வேலிக்கு வெளியிலிருந்து கென்ரிக். “ஒத்தை ஒத்தையா ஏறித் தொலைங்க.”

யாரும் ஏறவில்லை. அங்கே தனியாக ஏறுவது, எனக்கு யாருமில்லை என்று ஊருக்குச் சொல்வதாகும். ஜிபார்குல் வீட்டுக்குப் போய், அனார்பெக்கின் லாடம் அடித்த பூட்சுகளில் கம்பளித் துணியைத் திணித்து மாட்டிக்கொண்டு வந்தாள். துக்கத்தின் ஓராண்டு முடியவில்லையே என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவள் ஏறினாள். அந்தத் தரையில் காலடிச் சத்தத்தை ஊர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

“என்ன ஜிபார்குல், தேய்க்கப் போறியா, ஆடப் போறியா?” என்றார் கென்ரிக்.

“ரெண்டும்தான். நீ வாயைத் தேய்க்காம இரு.”

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, ஓர் ஆளைப் பிடித்திருப்பதுபோல் கைகளை வைத்துக்கொண்டு, வால்ட்ஸ் ஆடினாள். கலவையைத் தானே குழைத்ததாகவும், ஒரே ஆள் ஒரு கோடையில் அதைத் தேய்க்கவே முடியாது என்றும் கென்ரிக் சொன்னார். தேய்ந்தது. ஜூலையில் ஒரு கரண்டி மழைநீர் நிற்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. இரண்டு விதவைகளும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியரும் சேர்ந்துகொண்டார்கள். ஆகஸ்டில் என் மனைவி இறந்தாள். செப்டம்பரிலிருந்து நானும் போனேன். வலது கையை எங்கே வைப்பது என்றுதான் முதல் சில நாள் தெரியவில்லை.

அக்டோபரில் பெர்மெத் அளந்தாள். ஆழமான இடத்தில் பதினொரு மில்லிமீட்டர். தேய்மானக் கட்டத்தில் அதை எழுதி, காரணம் என்ற இடத்தில் ‘ஆட்டம்’ என்று எழுதினாள். டிசம்பரில் பூங்கா பட்டியலில் சேர்ந்தது. கார் கழுவும் நிலையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வந்தது.

மறுவருடம் மே மாதம், பக்கத்து ஊரிலிருந்து ஒரு அக்கார்டியன்காரர் கிடைத்தார். சனிக்கிழமை நடனம் திரும்பவும் தொடங்கியது. ஜோடிகள் மேலே ஆடினார்கள், நாங்கள் அவர்களுக்கு நடுவே தரையில் ஆடினோம். மூன்றாவது வாரம் கென்ரிக் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வேலியோரம் வந்து நின்று ஜிபார்குலைக் கூப்பிட்டார்.

“என்கூட ஒரு ஆட்டம் ஆடேன்.”

“உன்கூட ஆடினா நானும் மேல போயிடுவேன். அஞ்சு வருஷத்துல அந்தப் பொண்ணு திரும்ப அளக்க வருவா. அப்போ கீழ யாரு தேய்க்கிறது?”

கென்ரிக் தனியாகத் தளத்தில் ஏறி, அவளிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று ஆட ஆரம்பித்தார். அன்றிலிருந்து இருவரும் அப்படித்தான் ஆடுகிறார்கள், தொட்டுக்கொள்வதில்லை. நான் பக்கத்திலேயே ஆடுகிறவன். அவர்கள் கால்கள் பெரும்பாலும் தரையில்தான் இருக்கின்றன.