கடைசித் தட்டு

எங்கள் ராணுவ முகாமில் குழுத்தலைவன் தன் ஆட்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் தட்டை நீட்டுவான். நீட்டும்போது சமையல்காரனான நான் ஒரு கேள்வி கேட்பேன், பசங்க எல்லாரும் சாப்ட்டாச்சா என்று. ஆச்சு என்றால்தான் என் கரண்டி அசையும். அந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஒல்லி என்று நாங்கள் கூப்பிடுகிறவனும் அப்படி ஒரு தலைவன்தான். மலைக்கு அந்தப் பக்கம் சண்டைக்குப் போன குழுவில் அவன் மட்டும் திரும்பி வந்தான். அதுவும் முழுசாக வரவில்லை. அங்கே இருட்டில் ஏதோ ஒன்று அவன் கழுத்தைக் கடித்திருந்தது. வெயில் ஆகாது, சோறு இறங்காது. சுற்றி வளைப்பானேன், ரத்தக்காட்டேரி ஆகிவிட்டான். மேலதிகாரிகளுக்குத் தெரிந்தால் சுட்டுத் தள்ளுவார்கள் என்று நான் மூச்சு விடவில்லை. இரவுக் காவலை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். அதற்கு எவன் போட்டிக்கு வரப்போகிறான்? கண்ணாடியில் முகம் தெரியாததால் சவரம்கூட நான்தான் செய்துவிட வேண்டும். கறி வண்டிக்காரரிடம் கெஞ்சி வாங்கிய ஆட்டு ரத்தத்தை, மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பான். இப்படி ஒரு அசட்டுக் காட்டேரி.

அவனுக்கு விடுப்பு வந்தது. பிறந்த மகளின் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்ததும் சமையலறைக்கு வந்து, வீட்டுக்குப் போகலாமா, போனால் அந்தப் பச்சைப்பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனா என்று கேட்டான். என்னைக் கேட்டால் எனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தபடி வெங்காயம் நறுக்கினேன். அந்த எரிச்சலில் விரலையும் சேர்த்து நறுக்கிவிட்டேன்.

ரத்தம் பலகையில் வழிந்தது. அன்று கறி வண்டி வரவில்லை, அவன் வயிறு காலி. ஒல்லி நிமிர்ந்தான். பல் வெளியே வந்துவிட்டது. என்னைத் தெரிந்த கண்ணாகவே அது இல்லை. பின்னால் நகர்ந்து அரிசி மூட்டையில் முட்டிக்கொண்டேன். கத்த வாய் வரவில்லை. பழக்கதோஷத்தில் ஒன்றுதான் வந்தது.

"பசங்க எல்லாரும் சாப்ட்டாச்சா?"

அப்படியே நின்றுவிட்டான். அவன் பசங்க எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கம் மண்ணுக்குள் இருந்தார்கள். கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆட்களைத் தேடுகிறவன் போல அறையைச் சுற்றிப் பார்த்தான். பார்வை கடைசியில் என்னிடம் வந்து நின்றது.

"இல்லண்ணே. நீங்க இன்னும் சாப்பிடல."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே தட்டில் சோறு போட்டு என் பக்கம் தள்ளினான். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு சாப்பிட்டேன். பயம் போன இடம் தெரியவில்லை. இந்தப் பயல்மேல் இருந்த பாசத்தில் அவன் போட்ட சோற்றில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை. நான் கை கழுவும்வரை நின்றவன், அலமாரியிலிருந்து தன் தட்டை எடுத்து நீட்டினான்.

"எல்லாரும் சாப்ட்டாச்சுண்ணே."

போட ஒன்றுமில்லை, நாளைக்குத்தான் வண்டி வரும் என்றேன். தலையாட்டினான். சோறு தீர்ந்துபோன நாட்களில் செய்வது போலவே, காலித் தட்டைக் கழுவி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தான்.

"நாளைக்கு ராத்திரி வீட்டுக்குக் கிளம்புடா," என்றேன். "புள்ள உன்கிட்ட பத்திரமா இருக்கும்."