அசையாத நட்சத்திரம்

லேப்டாப் திரையில் பச்சைக் கோடு ஆணி அடித்தாற்போல நேராக ஓடியது. பல் டாக்டருக்கு வாயெல்லாம் பல்.

"மாப்ள, உன் டப்பா பிச்சு உதறுதுடா."

மொட்டை மாடிச் சுவரில் சாய்ந்திருந்த மைத்துனனுக்குத் தலைகால் புரியவில்லை. 'அடாப்டிவ் ஆப்டிக்ஸ்' என்று அவன் பீற்றிக்கொள்ளும் டப்பா அது. அவனே செய்தது. டெலஸ்கோப்புக்கும் கேமராவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. காற்று நடுங்கினால் நட்சத்திரமும் நடுங்கும். ஒரு குட்டிக் கேமரா ஏதாவது ஒரு நட்சத்திரத்தைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கும். அது இம்மி நகர்ந்தாலும் டப்பாவுக்குள் இருக்கும் கண்ணாடித் தகடு சாய்ந்து சரிக்கட்டும். கோடு நேராக இருந்தால் நட்சத்திரம் பிடியில் இருக்கிறது என்று அர்த்தம்.

மாடிதான் கைநழுவிக்கொண்டிருந்தது. காலையில் சோலார் பேனல் போட ஆள் வருகிறது. டெலஸ்கோப் நிற்கும் இரும்புத் தூணை அறுத்துவிடப் போவதாக டாக்டரின் மனைவி அறிவித்துவிட்டாள். ஹாலில் மாட்டும்படி ஒரே ஒரு கேலக்ஸி படம் எடுத்துக் காட்டினால் தூண் பிழைக்கும். இதுவரை அவர் எடுத்ததெல்லாம் சட்டையில் சிந்திய காபிக் கறை ரகம்.

செல்போனும் கையுமாக அவளே மேலே வந்தாள். படம் திரையில் விரிந்தது.

"என்னங்க இது, புழுவா?"

"பக்கவாட்டுல தெரியற கேலக்ஸி. நீளமாத்தான் இருக்கும்."

"சுத்தி இருக்கற நட்சத்திரமெல்லாம்? அதுங்களும் பக்கவாட்டுலதான் நிக்குதா?"

மைத்துனன் சிரித்துத் தொலைத்தான்.

"சிரிக்காதடா. எல்லாம் உன் டப்பா லட்சணம்."

"கோடு நேரா இருக்குல்ல மாமா? டப்பா சுத்தம். உங்க தூண்தான் கோணல்."

"கடைவாய்ப் பல் மாதிரி நட்டிருக்கேன்டா அதை."

"நீங்க நட்ட பல்லு எத்தனை நாள் நிக்கும்னு ஊருக்கே தெரியும்."

"ரெண்டு பேரும் சேர்ந்து நீங்களே தூணைப் பிடுங்கிருங்க" என்றாள் அவள். "அறுக்கற வேலை மிச்சம்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று போய் டெலஸ்கோப் வாயில் மூடியைப் போட்டு அமுக்கினார்.

"மாமா." மைத்துனன் குரல் மாறியிருந்தது. "கோடு இன்னும் நேராவே ஓடுது."

டாக்டர் திரையைப் பார்த்தார். வாய் மூடிய டெலஸ்கோப்புக்குள்ளே அவருடைய நட்சத்திரம் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அது குட்டிக் கேமராவில் பழுதான ஒரு புள்ளி. வானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரியும். நட்சத்திரம் என்று நம்பி அதைப் போய்ச் சொடுக்கியிருக்கிறார். பழுது எங்கே அசையும்? டப்பா இவ்வளவு நேரமும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது.

"இருக்கறதுலயே பளிச்சுனு இருந்ததைத்தான் பிடிச்சேன்" என்றார் ஈனஸ்வரத்தில்.

"என்னைப் பொண்ணு பாத்தப்பவும் இதையேதான் சொன்னீங்க" என்றாள் மனைவி.

மூடி திறந்தது. இந்த முறை மங்கலாக, நடுங்கிக்கொண்டிருந்த புள்ளி ஒன்றைத் தேடிப் பிடித்தார். கோடு பேய் பிடித்தாற்போலத் துள்ளியது. டப்பா முதல்முறையாக டிக்டிக்கென்று முனகத் தொடங்கியது; கோட்டின் துள்ளல் மெல்ல மெல்ல அடங்கியது. மேற்கே மேகம் எட்டிப் பார்த்தது. காலடி வைத்தால் மாடி அதிரும் என்று மூவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

படம் வந்தது. நட்சத்திரங்கள் உருண்டையாக, ஊசி குத்தினாற்போல. நடுவில் கேலக்ஸி தன் இரண்டு கைகளையும் சுருட்டிக்கொண்டு கிடந்தது.

அவள் அதைப் பெரிதாக்கி மூலைமூலையாகத் துழாவினாள். குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. பேனல்காரருக்குப் போன் போட்டாள்.

"தூண் அப்படியே இருக்கட்டுங்க. சுத்தி இடம் விட்டுப் போடுங்க... ஓ, நிழல் விழுமா? சரி, நான் சொல்லிடறேன்."

போனை வைத்தாள். "தினமும் காலையில டெலஸ்கோப்பைக் கழட்டிக் கீழே இறக்கிடணுமாம்."

இரண்டு ஆண்களும் அந்த இரும்புப் பீரங்கியை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"காலையில எனக்கு நிறைய வேலை இருக்கு மாமா" என்று மைத்துனன் படிக்கட்டுப் பக்கம் நழுவினான். டாக்டர் எட்டி அவன் காலரைப் பிடித்தார்.