ஒற்றைக் கட்டில் அறை

எதிரே உட்கார்ந்திருந்த தம்பதியைப் பார்த்ததுமே அவள் கணித்துவிட்டாள்: பெரிய சுற்றுலாக் கப்பலில் ஏற்றினால் இவர்கள் ஒருவரையொருவர் தேடவே மாட்டார்கள், சின்னதுதான் சரி. இப்படி முகம் பார்த்தே கப்பல் பொருத்துவதில் அவள் வேலை பார்த்த பயண அலுவலகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்தத் தம்பதி எழுந்து போனதும் அதே நாற்காலியில் அவள் கணவர் வந்து உட்கார்ந்தார்.

"இந்த வருஷமும் நம்ம ரெண்டு பேருக்கும் அதே கப்பல்ல டிக்கெட் போட்டுடு."

"ஏழாவது தடவைங்க. அதே மூணு ஊரு."

"அதுதானே வசதி? புதுசா எதையும் பாத்துத் தொலைக்க வேண்டாம்."

இரண்டாவது ஊரில் தொப்பி விற்பவர் போன வருடம் அவளுடைய முழங்கால் வலியை விசாரித்தார். அவளுக்கு அப்படியொரு வலி இருப்பது கணவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அந்தக் கப்பல் உங்களுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரிங்க" என்றவள், ஒற்றைக் கட்டில் அறை ஒன்றை அவர் பெயரில் மட்டும் பதிவு செய்து, சீட்டை அவரிடம் நீட்டினாள்.