சஷ்டி விரதமும் வற்றாளங்கிழங்கும்

"யோகமலரக்கா, நான் நிமலன், இருபத்திரண்டு வயது. ஸ்காபரோவில உங்கட அவரோட ஒரே அறையில இருக்கிறன்." கனடாவிலிருந்து ஊருக்கு அனுப்பும் கசெற்றில் அவன் பேசிப் பதிந்தான்.

அன்று கந்தசஷ்டி மூன்றாம் நாள். யோகமலரின் கணவர் ஜெயரட்ணம் வெறும் வயிற்றோடு சீனி வருத்தக் குளிசையை, நீரிழிவு மாத்திரையை, விழுங்கியிருந்தார். சமையலறையில் சீனி இறங்கி வியர்த்துக் கொட்ட, சுவரோடு சரிந்தார். நிமலன் அப்போதுதான் அவித்திறக்கிய வற்றாளங்கிழங்கை, சர்க்கரைவள்ளியை, பிசைந்து நீட்டினான்.

"தள்ளடா, விரதம்!"

"குளிசை போட்டால் நேரத்துக்குச் சாப்பிடு எண்டு டொக்டர் சொன்னவரெல்லோ? முருகன் கோவிச்சால் நான் பாக்கிறன். அக்காவுக்கு நான் என்ன அண்ணை சொல்லுறது?"

வாய் திறந்தது. இரண்டாவது துண்டை அவரே எடுத்தார்.

"நல்ல இனிப்படா."

நிமலன் கசெற்றை முடித்தான்: "மார்கழித் திருவெம்பாவைக்கும் விரதம் பிடிப்பாராம். சாப்பிட்டிட்டுக் குளிசை போடச் சொல்லி நீங்களே எழுதுங்கோ, அக்கா."