பதினொராவது கோப்பை

என் வீட்டு மேசையிலேயே நான் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன். மூன்று நாள் சமையல். நண்டும் கணவாயும் ஆய்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு பாயும் இரண்டு மணி நேரமும்தான்.

எப்படிப் படுப்பது? கனடாவில் என் மகன் றொகான் விரும்பிய பெண் யாலின். இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அவளுடைய தகப்பன் லின் ஐயா சீனாவிலிருந்து யாழ்ப்பாணத்துக் குருநகர் வரை வந்திருப்பதே எங்களைப் பார்க்கத்தான். என் கணவர் செபநாயகம் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் பார்ப்பதற்கு இருப்பது நான் ஒருத்தி. லின் ஐயா மூன்று நாளாகக் கல்யாணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மறுநாள் காலை பயணம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தேயிலைப் பெட்டியைத் திறந்தார்.

தேயிலைதான் அவர் தொழில். ஊலோங் என்கிறார்கள். இலையை வெயிலில் வாட்டி, மூங்கில் தட்டில் விடிய விடியக் குலுக்கி, ஓரம் சிவந்ததும் சூடுகாட்டி, உருட்டி, கரி நெருப்பில் வறுப்பாராம். எங்கள் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்ததும் முகம் சுளித்தார். போத்தல் தண்ணீர் வாங்கி வந்தோம். கைக்குள் அடங்கும் மண் கேத்தல், முட்டைக் கோது அளவில் கோப்பைகள். இலையைக் கழுவ என்று முதல் தண்ணீரை அப்படியே வெளியே ஊற்றினார். எனக்கு வயிறு எரிந்தது.

றொகான் காதுக்குள் சொன்னான்: “அம்மா, மிச்சம் வையாதேங்கோ.”

இதை எனக்கா சொல்ல வேண்டும்? தந்ததை மிச்சம் வைத்து எழும்புகிற பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. குடித்தேன். ஊற்றினார். குடித்தேன். பொய் சொல்லக் கூடாது, பாலும் சீனியும் இல்லாமலே ருசியாகத்தான் இருந்தது. முதலில் வறுத்த கச்சான் கடலை மணம், மூன்றாவதில் ஏதோ பூ மணம், விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு தித்திப்பு. ஆறாவதில் மணமும் தெரியவில்லை, தித்திப்பும் தெரியவில்லை. பத்தாவது வெறும் சுடுதண்ணீர். அவர் கண்ணும் சொருகிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேத்தலை விடவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. றொகான் பக்கம் திரும்பினேன்.

“தம்பி, என்னாலை ஏலாது. பிள்ளையைத் தர விருப்பமில்லை எண்டால் நேரை சொல்லச் சொல்லு. உப்பிடி ஊத்தி ஊத்தி ஏன் ஆளைக் கொல்லுறார்?”

றொகான் யாலினிடம் சொன்னான். அவள் தகப்பனிடம் கேட்டாள். மனிதர் திடுக்கிட்டு நிமிர்ந்து, தட்டுத் தடுமாறி நிறையக் கதைத்தார். கேட்கக் கேட்க யாலின் அழுதுவிட்டாள்.

“அம்மா, போதும் எண்டால் அவையின்ரை ஊரிலை கோப்பையைக் குடியாமல் விட்டிட்டு எழும்புவினமாம். வெறுமையாய்க் கிடந்தால் ஊத்தத்தான் வேணுமாம்,” என்றான் றொகான். “அவர் ஓம் எண்ட மனசோடைதான் வந்தவர். நீங்கள் முதல் கல்யாணக் கதையை எடுக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார். இண்டைக்கு நீங்கள் எழும்பாமல் குடிக்கவும், ‘என்ரை பிள்ளையை இவவுக்குப் பிடிக்கேல்லை, அதைச் சொல்லத்தான் இருக்கிறா’ எண்டு பயந்துபோனாராம்.”

நானும் அதே பயத்தில்தானே குடித்தேன்! வெட்கமாகவும் இருந்தது, அந்த மனிதரை நினைக்கப் பாவமாகவும் இருந்தது.

அவர் பதினொராவது தடவை ஊற்றினார்.

நான் கோப்பையைத் தொடவில்லை. பிறந்ததிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தேன். குடியாமல் விட்டுவிட்டு எழும்பினேன். யாலினை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

“உவள் என்ரை பிள்ளை எண்டு சொல்லு, தம்பி.”

திரும்பிப் பார்த்தேன். லின் ஐயா அந்தக் கோப்பைக்கு முன்னால், கேத்தலைப் பிடித்தபடியே நித்திரையாகியிருந்தார்.