மேற்கில் நட்ட மரங்கள்

வண்டியை விட்டு இறங்கியதும் மெரின் கண்ணில் பட்டவை அந்தக் கன்றுகள்தான். பூங்காவின் மேற்கு எல்லை முழுக்க, மார்பளவு உயரத்தில் சைப்ரஸ் மரங்கள் வரிசை கட்டி நின்றன. பூங்காவை அமைக்க அவள் வரைந்து கொடுத்த படத்தில் அந்தப் பக்கம் வெறும் சரளைக்கல்லும் குட்டைக் கல்சுவரும்தான். காட்டுத்தீ வந்தால் ஊரே ஓடி வந்து ஒதுங்க வேண்டிய பூங்கா அது. அங்கே போய் எண்ணெய் கசியும் மரத்தை நடுவது, கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்வதுதான்.

நட்டவர் கிளைவ் ரண்டல், ஊர்க் கமிட்டியின் தலைவர். மனைவி ஹெதர் போன வருடம் இறந்த பிறகு அவள் நினைவாக நட்டாராம். சாயங்கால வெயில் பூங்காவில் விளையாடும் பிள்ளைகள் மூஞ்சியில் அடிக்கிறதே என்று கடைசிவரை புலம்பியவள் அவள்.

“பிடுங்கிடணும், கிளைவ்,” என்றாள் மெரின்.

“ஏம்மா, நீ போட்டுக் குடுத்தது பூங்காவா, ஆட்டுப்பட்டியா? ஒதுங்க ஒரு நிழல் உண்டா? ஹெதர் மரத்துல கை வெச்சுப் பாரு, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்.”

கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் அது ஆட்டுப்பட்டியேதான். மெரின் பிறந்த பண்ணைவீட்டுக்கு மேற்கே சைப்ரஸ் வேலி இருந்தது. அவளுடைய எட்டாவது வயதில் அது ஒரே மூச்சில் பற்றி வீட்டைத் தின்றது, அப்பாவையும் சேர்த்து. ஆடுகள் மிதித்து மிதித்துப் புல் அற்றுப்போன பட்டியில் குப்புறக் கிடந்ததால் அவளும் அம்மாவும் பிழைத்தார்கள். மறுநாள் எது எரிந்தது, எது நின்றது என்று சாம்பலுக்குள் பார்த்துக்கொண்டே நடந்த சிறுமிதான் பின்னால் பூங்கா வரைகிறவள் ஆனாள். எந்த ஊருக்கு வரைந்தாலும் அந்தப் பட்டியைத்தான் வரைந்தாள். சைப்ரஸை மட்டும் அவள் பென்சில் தொட்டதே இல்லை.

வாக்குவாதம் முடிவதற்குள் வடமேற்கில் புகை எழுந்தது. காலையிலிருந்தே வடக்குக் காற்று அடுப்பு வாய்போல அடித்துக்கொண்டிருந்தது. சைரன் ஊதியதும் ஜனம் கம்பளிப் போர்வையும் நாய்களுமாகப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. மேற்கு மலையோரமாகத் தீ வடக்கிலிருந்து தெற்கே நீளமாக ஓடியது. ஊரைத் தொடவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

அப்போதுதான் காற்று மாறியது. தென்மேற்கிலிருந்து சில்லென்று வந்தது.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது பிறவிப் பழக்கம். கோடையில் குளிர்க்காற்று வந்துவிட்டால் ஜன்னலைத் திறப்பார்கள், பியரைத் திறப்பார்கள், வெளியே வந்து முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். பாழாய்ப்போன பழக்கம். ஓடி முடித்த தீயின் நீண்ட விலா முழுவதையும் அதே காற்றுதான் பக்கவாட்டில் ஊர்மேல் தள்ளிக்கொண்டு வரும். இது தெரிந்தவர்கள்கூட அந்தக் குளிர்ச்சியில் மறந்துபோவார்கள்.

கிளைவும் மறந்தார். கேட்டைத் திறந்துவிட்டு, எல்லோரும் வீட்டுக்குப் போய் டீ போடுங்கள் என்றார். கார்கள் உறுமத் தொடங்கின.

மெரின் ஓடிப்போய்த் தன் வேனை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினாள். இறங்கி, சாவியைப் பூங்கா நடுவே இருந்த குளத்தில் வீசினாள்.

கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. ஒருத்தி அழுதாள். ஒருவன் வேன் கண்ணாடியை உடைத்து வண்டியைத் தள்ளுவோம் என்றான். கிளைவ் முகம் சிவந்து முன்னால் வந்தார்.

“உனக்கு என்ன பைத்தியமா?”

“இதே காத்து வந்தப்போதான் எங்கப்பா ஜன்னலைத் திறந்தார்,” என்றாள். “அப்பாடான்னார். அதுதான் அவர் கடைசியாப் பேசினது.”

அவள் வேனிலிருந்து மரம் அறுக்கும் கைவாளை எடுத்துக்கொண்டு மேற்கே போனாள்.

முதல் கன்று சாய்ந்தது. அதை இழுத்துக் குளத்தில் போட்டாள். இரண்டாவதை அறுக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள். தெற்கே சாய்ந்திருந்த புகை இப்போது ஊர்ப் பக்கம் தலையைத் திருப்பியிருந்தது. கிளைவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வந்து கையை நீட்டினார். “குடு. என் பொண்டாட்டி மரம், நானே வெட்டறேன்.”

பிறகு ஆளாளுக்கு ஓடிவந்து இழுத்தார்கள், போட்டார்கள். கடைசிக் கன்றை மட்டும் கிளைவ் அறுக்கவில்லை. மண்ணோடு தோண்டி எடுத்தார். அதற்குள் மலைச்சரிவு முழுவதும் தீ இரைச்சலோடு இறங்கியது. எல்லோரும் நனைந்த போர்வைக்குள் குளக்கரையில் சுருண்டார்கள். சரளைவரை வந்த தீ, தின்ன ஒன்றுமில்லாமல் இரண்டாகப் பிரிந்து போனது. கேட்டுக்கு வெளியே சாலை எரிந்தது. மெரினின் வேனும் எரிந்தது.

இரைச்சல் அடங்கியபின் போர்வையை விலக்கினாள். எல்லோரும் இருந்தார்கள். கிளைவ் இடுப்பளவு தண்ணீரில், அந்தக் கன்றைப் பிள்ளையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“இத எங்க நடலாம், மெரின்?”

எங்கேயும் வேண்டாம் என்று நாக்குவரை வந்தது. அந்த இலையின் வாசனையே அவளுக்கு ஆகாது. அவள் அதையும் அவர் கையையும் வெகுநேரம் பார்த்தாள்.

“தெரியல, கிளைவ். ஒரு இடம் பாத்து, வரைஞ்சு தரேன்.”